காந்த முனை

லெப்டொப்பின் பக்கவாட்டில் சார்ஜரின் காந்த முனையைக் கொண்டுபோனால், கடைசி இடைவெளியை அது தானாகவே தாண்டி ஒட்டிக்கொள்ளும். அந்தச் சின்ன ‘டிக்’ சத்தம் எனக்குப் பிடிக்கும். யாரோ வாசல்வரை வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போவதுபோல இருக்கும். அன்று பின்னேரமும் சத்தம் கேட்டது. ஆனால் முனையில் எரியவேண்டிய சிறு செம்மஞ்சள் விளக்கு எரியவில்லை.

பழைய மெஷின். பேட்டரி செத்து வெகுநாளாகிறது. வயரைக் கழற்றினால் மறுகணமே திரை கறுத்துவிடும். இன்னும் சற்று நேரத்தில் எஸ்தோனியாவிலிருந்து மூன்று பேர் அந்தத் திரையில் தோன்றி என்னை நேர்காணப்போகிறார்கள். நூலகவியல் மேற்படிப்பு, முழுப் புலமைப்பரிசில். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்துப் பிள்ளைகளோடு நான் நடத்தும் சனிக்கிழமை வாசிப்பின் படங்கள் எல்லாம் இந்த லெப்டொப்புக்குள்தான் இருந்தன. அவற்றைக் காட்டித்தான் பேசவேண்டும். பனி பெய்யும் நகரங்களை நாவல்களில் மட்டுமே பார்த்தவள் நான். அங்கே டிராம் வண்டிகளின் கண்ணாடியில் ஆட்கள் விரலால் பெயர் எழுதுவார்கள். குண்டசாலையில் மழைக்குள் நிற்கும் பஸ்ஸின் கண்ணாடியில் நானும் எழுதிப் பார்த்திருக்கிறேன்.

“அம்மா, இந்த வயர எதுக்காச்சும் எடுத்தீங்களா?”

அம்மா தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை. யாருடைய கல்யாணத்துக்கோ ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள்.

“காலையில குண்டூசி டப்பா கொட்டிருச்சு. அத வச்சுத்தான் பொறுக்கினேன். நல்லா இழுக்குது தனு.”

படிக்கப் போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து அம்மா அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

“வேணும்னே செஞ்சீங்களா?”

தையல் மெஷின் நின்றது.

“ஒன்ன நிப்பாட்டணும்னா வயர வெட்டிருக்க மாட்டேனா? கத்தரிக்கோல கைல வச்சுக்கிட்டு குண்டூசியவா தேடுவேன்?”

சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றிவிட்டு முனையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பொன்னிறப் புள்ளிகளுக்கிடையே முறிந்த ஊசி நுனி ஒன்று சொருகியிருந்தது. ஊசியால் நெம்பினேன். அதுவும் போய் ஒட்டிக்கொண்டது. விளக்குமாற்றிலிருந்து ஈர்க்கு ஒன்றை முறித்துவந்துதான் எடுக்க முடிந்தது. மறுபடி மாட்டியபோது விளக்கு எரிந்தது. கையை எடுத்ததும் அணைந்துவிட்டது. கீழிருந்து மேலாக அழுத்திப் பிடித்தால் மட்டும் எரிந்தது.

அம்மா எழுந்து வந்து, கேமராவுக்குத் தெரியாதபடி மேசையோரமாகத் தரையில் முழங்காலிட்டாள்.

“விடு. நான் புடிச்சிக்கிறேன், நீ பேசு.”

“கை வலிக்கும்மா.”

“வலிச்சாலும் எனக்கு இங்கிலீஷ்ல கத்தத் தெரியாது. பேசு.”

மூவரும் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னாலிருந்த ஜன்னல் வெள்ளையாக இருந்தது. பனியா, வெறும் வெயிலா என்று தெரியவில்லை. நான் படங்களைக் காட்டினேன். லயத்து வாசற்படியில் ஒரே புத்தகத்துக்குள் தலை நுழைத்திருந்த பிள்ளைகளைப் பார்த்து அவர்கள் சிரித்தார்கள். என் முழங்கையருகே அம்மாவின் மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்கள். அம்மா மட்டும்தான் என்றேன். இரண்டு வருடம் நடுவில் ஊர் திரும்ப முடியாது, உன்னால் இருக்க முடியுமா என்று கண்ணாடி அணிந்த பெண்மணி மிகவும் அன்பாகக் கேட்டாள்.

ஓரக்கண்ணால் கீழே பார்த்தேன். கை மரத்திருக்க வேண்டும். அம்மா பிடியை விடாமல் இன்னும் குனிந்தாள். அவள் கழுத்துச் சங்கிலியில் எப்போதும் தொங்கும் ஊக்கு முன்னால் ஆடி, காந்தத்தில் போய் ஒட்டிக்கொண்டது. நிமிர்ந்தால் முனையும் சேர்ந்து கழன்றுவிடும் என்று அவளுக்கும் தெரிந்திருந்தது. மூச்சைக்கூட அடக்கிக்கொண்டாள்.

“முடியும்” என்றேன்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. அவள் கழுத்துக்கும் லெப்டொப்புக்கும் நடுவே சங்கிலி மெல்ல இறுகியிருந்தது. அவள் விரல்களுக்கிடையே அந்தச் செம்மஞ்சள் வெளிச்சம் அசையாமல் எரிந்தது.