முதுகில் மண்

பயில்வான் பெண்டாட்டி என்றால் ராணி மாதிரி வாழ்ந்திருப்பாள் என்று நினைக்கிறவர்களை என் அடுப்படியில் ஒரே ஒரு நாள் நிற்க வைத்துப் பார்க்க வேண்டும். விடியுமுன் பாதாமை அம்மியில் வெண்ணெய் மாதிரி அரைத்திருக்க வேண்டும். ஆட்டுக்கால் சூப்பு கொதித்திருக்க வேண்டும். அவனியாபுரத்துப் பால்காரர் இறக்கிவிட்டுப் போகிற குடம் எங்கள் தெருவுக்கே போதும். அது இவர் ஒருவருக்கு. "எம்புட்டுத்தான் குடிப்பீங்க, வயிறா வண்டியூர் தெப்பக்குளமா?" என்று கேட்டால், சேக் இஸ்மாயில் பயில்வான் சிரித்துக்கொண்டே சொம்பை நீட்டுவார். அந்தச் சிரிப்பில் மயங்கித்தான் நானும் அரைத்துக்கொண்டே இருந்தேன். இன்றைக்கு யாராவது அந்த நாட்களைத் திருப்பித் தருவதாகச் சொன்னால் போதும், இந்த வயசிலும் அம்மி முன்னால் போய் உட்கார்ந்துவிடுவேன்.

என்ன காலம் அது! தமுக்கத்தில் பெரிய கூடாரம் போட்டு, டிக்கெட் வைத்துக் குஸ்தி நடத்துவார்கள். நாலு மாசி வீதியிலும் குதிரை வண்டியில் மேளம் அடித்து நோட்டீசை வாரி இறைத்துக்கொண்டு போவார்கள். ஜெயித்துவிட்டு வரும்போது இவரைச் சாரட்டு வண்டியில் ஏற்றி ரோஜா மாலையோடு எங்கள் தெருவுக்குள் கொண்டுவருவார்கள். அந்த உடம்பைத் தாங்கமாட்டாமல் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே வரும். நாங்கள் ஜன்னல் தட்டிக்குப் பின்னால் நின்று பார்ப்போம். எங்கள் வீட்டுப் பெண்கள் கூடாரத்துக்கெல்லாம் போவதில்லை என்பதால், ஒரு குஸ்தியைக்கூட நான் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் ஜன்னலில் நிற்கும்போது எனக்கு ஏற்படுகிற கர்வம் இருக்கிறதே, அதை எந்தப் புர்காவாலும் மூட முடியாது.

இவருக்குச் சமமாக ஊரில் இன்னொரு பயில்வான் உண்டு. வாடிப்பட்டி விருமாண்டி. பனைமரம் மாதிரி ஆள், மனசு பச்சைப் பிள்ளை. மதுரைப் பக்கம் முஸ்லிம்களான நாங்களும் விருமாண்டியின் தேவர் ஆட்களும் மாமன், மாப்பிள்ளை என்று முறை வைத்துத்தான் பேசிக்கொள்வது. வெளியூர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். எங்களுக்கு வேடிக்கை இல்லை. இவர் விருமாண்டிக்கு மாமா. அதனால் நான் அக்கா. விருமாண்டியின் பெண்டாட்டி ஜெயக்கொடி இவரை அண்ணே என்று கூப்பிடுவாள். பெருநாளைக்கு நெய்ச்சோறு வாடிப்பட்டிக்குப் போகும், பொங்கலுக்குக் கரும்பு எங்கள் வீட்டுக்கு வரும்.

இந்த மாமனும் மாப்பிள்ளையும் வாலிபத்தில் சேர்ந்து ஒரு வீம்பு பிடித்திருந்தார்கள். குஸ்தியில் முதுகு மண்ணில் பட்டால்தான் தோல்வி. "என்னைக்கு முதுகுல மண்ணு படுதோ, அன்னைக்குத்தான் லங்கோட்டை அவிழ்க்கிறது. அதுவரைக்கும் கோதாவ விட்டு எறங்குறதில்ல" என்று ஒருத்தர் கையில் ஒருத்தர் அடித்துச் சொல்லியிருந்தார்கள். வாலிபத்தில் எதைத்தான் பேசமாட்டார்கள்! ஆனால் வருஷம் ஓடியும் இரண்டு முதுகிலும் மண் படவே இல்லை. அங்கேதான் வந்தது வினை.

யுத்தம் வருவதற்கு முந்தின வருஷம், திருச்சிராப்பள்ளியில் ஒரு பஞ்சாபிக்காரன் இவர் கழுத்தை மடக்கிவிட்டான். ஜெயித்தது இவர்தான். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு இடது கையிலிருந்து பால் சொம்பு நழுவி விழுந்தது. மறுநாளும் விழுந்தது. வைத்தியம் பார்க்கிற ஹக்கீம் வந்து கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இன்னொருக்கா இந்தக் கழுத்து மடங்குச்சுன்னா அதுக்குக் கீழ ஒண்ணும் வேலை செய்யாதும்மா" என்றார்.

"விட்டுருங்களேன், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன்.

"வாக்குக் குடுத்திருக்கேன் புள்ள. தோக்காம எப்படி எறங்குறது?"

"அப்ப தோத்துத் தொலைங்க!"

"வேணும்னு விழுந்தா அது பொய்யில்லையா?" என்றார். அந்த மனுஷனோடு பேசி ஜெயிப்பதற்குப் பதில் சுவரில் முட்டிக்கொள்ளலாம்.

அந்தச் சமயம் பார்த்துக் கூடாரத்து முதலாளி காசிமாயன் ஒரு வேலை செய்தார். இவரும் விருமாண்டியும் முறைக்காரர்கள் என்பதால் ஒருநாளும் மோதிக்கொண்டதில்லை. "ஒருத்தனுக்கு ஒருத்தன் பயம்" என்று காசிமாயன் டீக்கடைகளில் கிளப்பிவிட்டார். இரண்டு பேருக்கும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தமுக்கத்தில் நேருக்கு நேர் என்று நோட்டீசு வந்தது.

எனக்கு முதலில் பயம்தான். பிறகு யோசித்தேன். வெளியூர்க்காரன் கையில் விழுந்தால் இவர் கழுத்தோடு போய்விடுவார். விருமாண்டி கையில் விழுந்தால்? அந்த வெள்ளிக்கிழமை விருமாண்டி வீட்டுக்கு வந்திருந்தான். இவர் ஜும்மாவுக்குப் போயிருந்தார். சாப்பிட உட்கார்ந்தவனிடம் கதவுக்குப் பின்னால் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன்.

"தம்பி, நீ மல்லாத்துனா புள்ளையத் தொட்டில்ல போட்ட மாதிரி படுக்க வைப்ப. எனக்காக அவர ஒரு தடவ நெசமாவே தோக்கடிச்சுரு."

விருமாண்டி பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டான். "என்னக்கா சொல்றீக? மாமாவ நானா?"

"அக்கா அக்காங்கிறியே, அது சும்மா கூப்புடுறதுக்கு மட்டுந்தானா?"

வைத்த சோற்றை அவன் மறுபடி கையில் எடுத்தான். "சரிக்கா. கழுத்துப் பக்கம் எங் கை போகாது. வெரல் நுனிகூடப் படாது. மல்லாத்திப்புடுறேன்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இவர் கிளம்பிப் போனதும் தொழுகைப் பாயில் உட்கார்ந்தவள்தான், எழுந்திருக்கவே இல்லை. புருஷன் தோற்க வேண்டும் என்று துவா கேட்ட பெண் மதுரையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். சாயங்காலம் தெருமுனையில் மேளச் சத்தம் கேட்டது. ஜன்னலுக்கு ஓடினேன். சாரட்டு வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு வந்தது. இவர் கழுத்தில் மாலை.

உயிரோடு வந்தாரே என்று ஒரு நிமிஷம் நிம்மதி. அடுத்த நிமிஷம், மாலை என்றால் ஜெயித்துவிட்டார் என்றுதானே அர்த்தம் என்று உறைத்தது. இவர் பின்னாலேயே விருமாண்டியும் இறங்கி வந்தான். அவன் முதுகு முழுக்கக் கோதாவின் செம்மண் அப்பியிருந்தது. அந்நிய ஆண் முன்னால் வரக்கூடாது என்கிற கோசாவும் எனக்கு மறந்துபோனது, எல்லாமே மறந்துபோனது. நேரே முற்றத்துக்கு வந்துவிட்டேன்.

"ஏம்ப்பா, இதுதான் நீ குடுத்த வாக்கா?"

"முடியலக்கா" என்றான் விருமாண்டி. "மாமாவச் சாய்க்கணும்னா கழுத்துல கையப் போட்டாத்தான் உண்டு. ரெண்டு மூணு தரம் வாகாச் சிக்குச்சு. கூட்டம் பூரா 'கழுத்தப் புடி, கழுத்தப் புடி'ன்னு கத்துது. நான் எப்படிக்கா புடிப்பேன்? அந்த நேரத்துல மாமா இடுப்பக் கோத்துத் தூக்கிட்டாரு."

இவர் மாலையைக் கழற்றிக்கொண்டிருந்தவர், கையை நிறுத்தினார். "என்ன வாக்கு? என்னடா மாப்ள சொல்ற?"

சொன்னோம். கேட்டதும் அவர் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். "அட பாவிகளா! நேத்து ஜெயக்கொடி, நாங்க குஸ்தி பழகுற தாலிம்கானா வாசல்ல வந்து நின்னு அழுதா. 'காடு கரையப் பாக்க ஆளில்லண்ணே. பெத்த புள்ள அப்பனப் பாத்து, யாரோ எவரோன்னு பயில்வானேன்னு கூப்புடுது. நீங்க ஒரு தடவ அவர மண்ணக் கவ்வ வச்சு வீட்டுக்கு அனுப்புங்கண்ணே'ன்னா. அண்ணேன்னு கூப்புட்டவளுக்கு நான் என்ன பதில் சொல்றது? உசுரக் குடுத்து மல்லுக்கட்டுனேன்."

ஊரே இவர்களுக்குள் தீராத பகை என்று பேசியதாம். அம்புட்டு ஆவேசமாக ஒரு குஸ்தியைத் தமுக்கம் பார்த்ததில்லையாம். ஒருத்தன் அக்காவுக்காக, ஒருத்தர் தங்கச்சிக்காக! விருமாண்டி தரையில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தான். இவரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஊரான் பொண்டாட்டி அண்ணேன்னதும் உருகிட்டீங்க. அவ புருஷன் தோத்து வீட்டுக்குப் போகப் போறான். எம்புருஷன்? அடுத்த மாசம் எவனோ வருவான், கழுத்த ஒடிப்பான், கட்டில்ல கட்டையாக் கெடப்பீங்க. நான் பாதாம் அரைச்சு வாயில ஊத்தணும்! உங்க வாக்கும் மண்ணும்..." அழுகையும் ஆத்திரமுமாக இரண்டு கையாலும் அவர் நெஞ்சில் ஓங்கித் தள்ளினேன்.

பஞ்சாபிக்காரனால் அசைக்க முடியாத உடம்பு அது. நான் தள்ளியா அசையப் போகிறது? ஆனால் அவர் என் முகத்தைப் பார்த்தார். என்ன பார்த்தாரோ தெரியாது. தாடையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு, பின்னால் ஓர் எட்டு வைத்து, முற்றத்து மண்ணில் அப்படியே மல்லாந்து சாய்ந்தார். "யா அல்லாஹ், கழுத்து!" என்று அலறிக்கொண்டு நான் பக்கத்தில் விழுந்தேன்.

"கழுத்துக்கு ஒண்ணுமில்ல" என்றார் இவர். "மாப்ள, முதுகு பட்டுருச்சா பாரு."

விருமாண்டி சிரிப்பை நிறுத்திவிட்டு எழுந்தான். குனிந்து இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கூடாரத்தில் நடுவர் சொல்வது மாதிரி கையைத் தூக்கினான். "ரெண்டு தோளும் மண்ணுல பட்டுருச்சு. மாமா தோத்துட்டாரு. அக்கா ஜெயிச்சுட்டாக."

"இது பொய்யில்லையா?" என்று அழுதுகொண்டே கேட்டேன்.

"நீ தள்ளுன, நான் விழுந்தேன். இதுல என்ன பொய்யி?"

எழுந்திருங்கள் என்று கழுத்துக்கு அடியில் கையைக் கொடுத்தேன். அவர் எழுந்திருக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் மல்லாந்து படுத்து நான் பார்த்ததே இல்லை. தூக்கத்தில்கூட முதுகு தரையில் படக்கூடாது என்று பயில்வான்களுக்குள் ஒரு கட்டுப்பாடு. ஒருக்களித்தேதான் படுப்பார்.

"கொஞ்ச நேரம் கெடக்குறேன் ஷரீபா" என்றார். "வானத்த இப்படிப் பாத்து எம்புட்டு வருஷமாச்சு."

நான் என் முந்தானையைச் சுருட்டி அவர் தலைக்குக் கீழே வைத்தேன். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் அந்த மண்ணில் அப்படியே தூங்கிப்போனார்.