ஒரு சொட்டுக்கூடக் கக்காத பிள்ளை

இன்றைக்கு வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து போகிற அந்தத் தடியன், பால் குடிக்கிற வயதில் தன் அம்மாவைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. அதை நினைத்தால் அவளுக்கு இப்போதும் சிரிப்பு வரும், கண்ணும் கலங்கும். அந்த நாட்கள் இன்னொரு தடவை வராதா என்றுகூட இருக்கும். பைத்தியம்தான், வேறென்ன!

அப்போது கீழே சலூன், மேலே வீடு. சலூன் அவள் புருஷனுடையது. கத்தரிச் சத்தமும் பவுடர் வாசனையும் மாடிப்படி ஏறி வரும். முடி வெட்ட வருகிறவர்களிடமெல்லாம் அவருக்கு ஒரே பெருமை: "நம்ம பய ஒரு சொட்டுக்கூடக் கக்க மாட்டான். தங்கம்!"

தங்கமாம்! மாடியில் நடந்த கூத்து அவளுக்கல்லவா தெரியும். நாலு வாய் குடிப்பான், வெடுக்கென்று வாயை எடுப்பான், முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு வீறிடுவான். அந்தக் குரலும் கம்மிப்போயிருந்தது. மடியில் கிடத்தினால் இன்னும் மோசம். அப்பா வந்து தோளில் சாய்த்துக்கொண்டால் மட்டும் கப்சிப்.

"பார்த்தியா, என்கிட்ட வந்தா அடங்கிடறான்" என்று அந்த மனுஷன் மீசையை முறுக்குவார்.

நாத்தனார் அதற்கும் மேலே. "உன் பால் அவனுக்கு ஒத்துக்கல. பேசாம நிறுத்திடு."

அவள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். பெற்ற பிள்ளைக்கே தன்னைப் பிடிக்கவில்லை என்று மனதில் பதிந்துபோயிற்று. சரி, நிறுத்திவிடுவோம் என்று முடிவு கட்டிக்கொண்டுதான் டாக்டரம்மாவிடம் போனாள்.

டாக்டரம்மா எடை பார்த்தார். ஏற வேண்டிய அளவு ஏறவில்லை. "இங்கேயே பால் கொடும்மா, பார்க்கறேன்" என்றார். குடித்து முடித்தவன் வெறும் வாயோடு மறுபடி மறுபடி எதையோ விழுங்கினான். முகம் கோணியது. விக்கல் வந்தது. அப்புறம் வழக்கம்போல வளைந்துகொண்டு ஒரே அலறல்.

"கக்கவே மாட்டானா?"

"ஒரு சொட்டுக்கூட இல்ல, டாக்டர்."

"அதான் யாருக்கும் தெரியல. குடிச்ச பால் புளிச்சு மேல வருது, வெளியே வராம திரும்ப உள்ளே போயிடுது. ஏறும்போதும் எரியும், இறங்கும்போதும் எரியும். கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி கொடு. நடுவுல ஏப்பம் விட வை. குடிச்சதும் அரை மணி நேரம் தோள்ல நிமிர்த்தி வச்சுக்கோ. தூங்கறப்ப மட்டும் சமமான படுக்கையில மல்லாக்கப் போடணும். நீயா எந்த மருந்தும் கொடுத்துடாதே. அடுத்த வாரம் எடை பார்த்துட்டு, தேவைப்பட்டா நான் தர்றேன்."

அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் கேட்க வேண்டியிருந்தது. "அப்போ... அவனுக்கு என்னைப் பிடிக்காம இல்லையா?"

"அடி அசடே! எரியுதுன்னு உன்கிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்லுவான்?"

அன்றிலிருந்து அப்பாவின் தோளுக்கு ஓய்வு. ஒவ்வொரு தடவை பால் கொடுத்ததும் அவளே பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு சன்னலோரம் நிற்பாள். கழுத்தில் அவன் மூச்சு சூடாகப் படும். மெல்ல மெல்ல எடை ஏறியது, குரல் தெளிந்தது. மருந்துக்கு வேலையே வரவில்லை. நாத்தனார் வாயை மூடிக்கொண்டார், அது தனிச் சந்தோஷம்.

பிள்ளை தானாக உட்கார ஆரம்பித்த பிறகு, "எல்லாம் சரியாயிடுச்சு, இனிமே தூக்கிவச்சுக்கிட்டு நிக்க வேண்டாம்" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அன்று சாயங்காலமும் பால் குடித்தவனைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவள் சன்னலோரம் நின்றாள்.

சலூனைப் பூட்டிவிட்டு மேலே வந்த புருஷன் பார்த்தார். "அதான் வேண்டாம்னுட்டாங்களே, இறக்கி விடேன்."

"அவனுக்குத்தான் வேண்டாம்னாங்க" என்றாள் அவள். "எனக்கு வேணும்."