விலாவுக்குக் கீழே ஒரு குத்து

தங்கை புருஷன் பாக்ஸிங் கற்றுக்கொள்ள வந்து நின்றபோது மாஸ்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நாற்பது வயது, லாரி ஆபீஸில் நாளெல்லாம் நாற்காலி, சர்க்கரை வேறு. உடம்பை அசைக்காவிட்டால் கஷ்டம் என்று டாக்டர் மிரட்டியிருந்தார். முதல் நாள் மாப்பிள்ளை நின்ற நிற்புக்கு ஃபேன் காற்றே போதும், ஆளைச் சாய்த்திருக்கும்.

ஆனால் சொன்ன பேச்சைக் கேட்டார். டயர் கிடங்குக்கு மேலே இருந்த அந்த மாடி அறையில் ஒரு மாதம் வெறும் கால் பழக்கம்தான். முன்கால் நகர்ந்த பிறகே பின்கால். இரண்டும் பின்னக் கூடாது. தரையில் சாக்பீஸால் கோடு போட்டு நடக்கவைத்தார் மாஸ்டர். புதிதாக வருகிறவன் எவனும் மூக்கை உடைக்கத்தான் துடிப்பான். இவரோ, "மச்சான், விலாவுல அடிக்கிறது எப்படி?" என்று கேட்டார். மாஸ்டருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "முட்டியை மடக்குங்க மாப்பிள்ளை. இடுப்பு திரும்பட்டும். இடது கை அவன் வலது விலாவுக்குக் கீழ இறங்கணும்" என்று ஆசை ஆசையாகச் சொல்லிக்கொடுத்தார்.

மூன்றாம் மாதம் ஒரு காலை, புருஷன் முந்தின சாயங்காலம் மறந்துவிட்டுப் போன துண்டை எடுத்துப்போகத் தங்கை வந்தாள். குனியும்போது வலது முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டாள். அடி வாங்கிய பாக்ஸர்தான் அப்படிக் குனிவான்.

"எத்தனை நாளா?"

"கல்யாணம் ஆனதுலேர்ந்து. முன்னல்லாம் மூஞ்சியில. பக்கத்து வீட்டுல கேப்பாங்களேன்னு அவருக்குக் கொஞ்சம் பயம் இருந்துச்சு. இப்ப விலாவுல. அந்தப் பயமும் இல்ல."

"கிளம்பு. நம்ம வீட்டுக்குப் போலாம்."

"பொண்ணுக்குப் பரீட்சை முடியட்டும்ண்ணே. பதினஞ்சே நாள். அதுவரைக்கும் அவரை ஒண்ணும் கேட்டுடாதே. நீ இங்க கேட்டா, அவர் அங்க எனக்குத்தான் பதில் சொல்லுவாரு."

மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வழி யோசித்தார். மாப்பிள்ளையைக் கையைத் தூக்க முடியாதபடி வீட்டுக்கு அனுப்புவது. மூன்று ரவுண்டு பத்தானது. முதல் வாரம் அது பலித்தது. "வந்ததும் சாஞ்சிடறாருண்ணே" என்று தங்கை போனில் சொன்னாள். அந்தச் சந்தோஷத்தில் இன்னும் இரண்டு ரவுண்டு கூட்டினார்.

இருபது வருஷமாக இதே வேலை பார்க்கிற மனிதர். புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ! பன்னிரண்டாம் நாள், பன்னிரண்டு ரவுண்டும் முடிந்து மாப்பிள்ளைக்கு மூச்சு வாங்கவே இல்லை. குத்துகளை வாங்கப் பேடு பிடித்திருந்த மாஸ்டரின் தோள்தான் விண்விண்ணென்று தெறித்தது.

"இப்ப கை நல்லா ஏறுதுல்ல மச்சான்?" என்று சிரித்தார் அவர்.

மறுநாள் தங்கை மகளிடமிருந்து போன் வந்தது. "மாமா, அம்மாவால மூச்சு விட முடியல."

ஆஸ்பத்திரியில் டாக்டர் வெளியே வந்தார். விலா எலும்பு இரண்டு முறிந்திருக்கிறது, ஈரலில் ரத்தக் கசிவு, உடனே ஆபரேஷன் என்றார். எப்படி அடிபட்டது என்று கேட்டார்.

"படியில வழுக்கி விழுந்துட்டா" என்று மாப்பிள்ளை முந்திக்கொண்டார்.

மாஸ்டர் எழுந்தார்.

"விழல டாக்டர். அடிச்சது இவரு. சொல்லிக்குடுத்தது நான்."