விசில் அடித்தால் உச்சா

குழந்தையை எப்போது டயபரிலிருந்து பிரித்துக் கழிப்பறைக்குப் பழக்குவது என்ற கேள்விக்குப் பதில் சொல்லத் தகுதியுள்ள ஆள் அந்த வீட்டில் ஒருத்திதான் இருந்தாள். பரிசோதனைக் கூடத்தில் ஏழு வருஷம் ஊரார் சிறுநீரைக் குப்பி குப்பியாக வாங்கிப் பெயர் ஒட்டியவள் அவள். சுண்டுவைப் பெற்றவளும் அவள்தான். ஆகவே அவளை யாரும் கேட்கவில்லை.

கேட்கப்பட்டவர் அவளுடைய நாத்தனார்.

"என் பையன் பத்து மாசத்துலயே சொல்லிட்டான்டா. உன் பொண்ணு ரெண்டு வயசு ஆகப்போகுது, இன்னும் மூட்டையைக் கட்டிக்கிட்டுத் திரியுறா!" என்று ஃபோனில் அவர் தம்பியை உசுப்பினார். பத்து மாதத்தில் எந்த மொழியில் சொன்னான் என்று தம்பிக்குக் கேட்கத் தோன்றவில்லை. அக்கா வாயைத் திறந்தால் அவருக்கு அது மேலிடத்து உத்தரவு.

தம்பியார் பஸ் டிப்போவில் டைம் கீப்பர். உலகத்தில் எதுவும் நேரம் குறித்து விசில் அடித்தால் கிளம்பிவிடும் என்பது அவருடைய திடமான எண்ணம்.

அவளுக்கு முதல் தேதி மறுபடி வேலையில் சேர வேண்டும். தவறினால் அந்த இடம் வேறு ஒருத்திக்கு. குழந்தைகள் காப்பகத்திலோ டயபர் கட்டிய குழந்தையைச் சேர்ப்பதில்லை. கையில் இருந்தது மூன்று வாரம்.

"இப்ப வேண்டாங்க," என்றாள். "வருதுன்னு அவளுக்கே தெரியணும். இவ நனைஞ்ச பிறகுதான் குனிஞ்சு பாக்குறா. ரெண்டு மாசம் போகட்டும். அதுவரைக்கும் நீங்க லீவு போடுங்க, எக்கச்சக்கமா சேர்ந்து கிடக்குல்ல?"

"நானா? நான் இல்லேன்னா டிப்போ என்ன ஆகுறது?"

மறுநாளே நடுவில் ஓட்டை வைத்த பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. குளியலறைக் கதவில் அட்டவணை ஏறியது. டிப்போவிலிருந்து எடுத்து வந்த அச்சிட்ட தாள்தான்: வண்டி, வருகை, புறப்பாடு, தாமதம். 'வண்டி' என்ற கட்டத்தில் அழகான கையெழுத்தில் சுண்டு என்று எழுதியிருந்தார். ஒன்றரை மணிக்கு ஒரு தரம் நாற்காலியில் உட்காரவைத்து, வந்துவிட்டால் உடனே விசில். அவர் வேலைக்குப் போன நேரத்தில் அந்தத் திருப்பணி அவள் தலையில்.

பத்தாம் நாள் அவர் ஆனந்தக் கூத்தாடினார். விசில் அடித்ததும் சுண்டு தாமதமில்லாமல் போனாள்.

"பாத்தியா? உன் லேப்ல சொல்லித் தருவாங்களா இதெல்லாம்?"

அவள் குக்கரை அடுப்பில் ஏற்றினாள். முதல் விசில் வந்தது. கூடத்தில் பொம்மையோடு நின்றிருந்த சுண்டு, நின்ற இடத்திலேயே குளம் கட்டினாள். முகத்தில் கடமையை முடித்த களை.

"உங்க வண்டி கிளம்பிடுச்சுங்க," என்றாள் அவள்.

அவர் துடைக்கும் துணியைத் தேடவில்லை, பேனாவைத் தேடினார். அட்டவணையில் 'சிறப்புப் புறப்பாடு' என்று குறித்துக்கொண்டார்.

காப்பகத்தில் பொறுப்பாளர் அம்மாள் நல்லவர். சுண்டுவை மடியில் வைத்துக்கொண்டுதான் பேசினார். "எங்க பொண்ணு சொன்ன நேரத்துக்குப் போவா மேடம், செகண்ட் பிசகாது," என்று இவர் மார்தட்டி வாயை மூடவில்லை, வெளியே சறுக்குமரத்தில் இருந்த பிள்ளைகளை இறக்க ஆயா நீளமாக ஒரு விசில் அடித்தாள்.

அம்மாள் நனைந்த புடவையோடு எழுந்தார். "விசிலடிச்சுப் பழக்குன புத்திசாலி யாரு?"

அவள் கணவரைப் பார்த்தாள். கணவர் சறுக்குமரத்தைப் பார்த்தார்.

"அவளாச் சொல்லட்டும், அப்புறம் கூட்டிட்டு வாங்க. அதுவரைக்கும் விசிலே கேக்கக் கூடாது."

வீடு திரும்பியதும் அவரைக் கேளாமலே விடுப்பு விண்ணப்பத்தை நிரப்பி நீட்டினாள். அறுபது நாள். அவர் கையெழுத்துப் போட்டார். விசிலைக் குப்பியில் போட்டு மூடி, தேதி எழுதி, பெயர் ஒட்டி, முதல் தேதி கைப்பையோடு எடுத்துப் போய்விட்டாள். பரிசோதனைக் கூடத்து மேசை டிராயரில் அது பத்திரமாக இருந்தது. டைம் கீப்பர் இல்லாத டிப்போவில் பஸ்கள் எப்போதும்போல் ஓடின. இதைத் தினமும் அதே பஸ்ஸில் போய்வந்த அவள் தினமும் அவரிடம் சொன்னாள்.

நாற்பத்தேழாம் நாள் மாலை அவள் செருப்பைக் கழற்றும்போது, திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்திருந்த சுண்டு வெளியே வந்தாள். "அப்பா, உச்சா வருது." தானே போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். காரியம் ஆயிற்று. காப்பகத்துக்கு நாளைக்கே சொல்லிவிடலாம். வேலை இனி யார் கைக்கும் போகாது. அவளுக்கு மூச்சு வந்தது.

அவருக்கு ஃபோன் கைக்கு வந்தது. "அக்கா! சொன்னேன்ல? அன்னைக்குக் கரெக்டா ஆரம்பிச்சேன் பாரு, அதான்…"

குளியலறையிலிருந்து குரல் வந்தது.

"அப்பா, கத்தாத. வெளிய போ."

முதன்முறையாக அவர் தாமதமில்லாமல் புறப்பட்டார்.