கிட்டங்கி வளவில் நிற்பவன்

முதலில் அந்தப் பேய் ஒரு ஒல்லாந்தக்காரனாகத்தான் இருந்தது. கொட்டாஞ்சேனையில் அந்த ஒழுங்கையின் வாசலிலே, கூரை போன பழைய கிட்டங்கி நின்ற வெறும் வளவில், தொப்பியும் சப்பாத்துமாக ஒருவன் நடக்கிறான் என்று கதை கட்டிவிட்டவர் சிவபாதசுந்தரம். கிளாக்கர் வேலை பார்த்துப் பென்சன் எடுத்த யாழ்ப்பாணத்து மனுஷன். பேய் பிசாசை மருந்துக்கும் நம்பாதவர். அப்பேர்ப்பட்டவர் பேயைத் துணைக்குக் கூப்பிட்டாரென்றால் வெள்ளம் தலைக்கு மேலே போய்விட்டது என்றுதானே அர்த்தம்!

வெள்ளம் எதுவென்றால், சோலர். வளவை வாங்கிய முதலாளி ஒருவர், தன்னுடைய மீன் குளிர்க் களஞ்சியங்களுக்குக் கரண்ட் எடுக்க, நிலம் முழுக்க வரிசை வரிசையாகக் கண்ணாடிப் பலகைகளை நடப்போகிறாராம். வெயிலை மின்சாரமாக்குகிற வேலை. நல்ல விஷயந்தான், யார் இல்லையென்றது? ஆனால் அது இரண்டாயிரத்து எட்டாம் வருஷம். ஐப்பசியில்தான் களனிதிஸ்ஸ மின்நிலையத்தில் புலிகளின் பிளேன் வந்து குண்டு போட்டுவிட்டுப் போயிருந்தது. இனிமேல் கரண்ட் பிறக்கிற இடத்திலெல்லாம் காவல் போடுவார்கள். மண்மூட்டை, முள்ளுக்கம்பி, துவக்கோடு நாலு பேர். அதுவும் ஒழுங்கை வாசலிலே! பாண் வாங்கப் போகிறவனும் ஐடென்ரிக்காட்டை நீட்ட வேண்டும், பொலிஸ் பதிவைக் காட்ட வேண்டும், எந்த ஊர், இங்கே என்ன வேலை என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

இதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா? காவல் வேண்டாமென்று ஒரு தமிழன் சொன்னால், அவனைத்தான் முதலில் பிடித்து ஜீப்பில் ஏற்றுவார்கள். அதனால் வெக்கை வரும், கண் கூசும், காணி விலை விழும் என்று கூட்டம் போட்டுச் சொன்னார்கள். ஒழுங்கையில் இருந்த சிங்களச் சனமும் முஸ்லிம் சனமும் கூட நின்றுதான் சொன்னது. சோலர் கொம்பனியின் எஞ்சினியர் சிரித்த முகம் மாறாமல் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தான். பேய்க்கு மட்டும் அவனிடம் பதில் இருக்கவில்லை.

நிலம் துப்புரவாக்க வந்த பொடியன்கள் "ஹொல்மன்" என்று பேய்க்குரிய சிங்களச் சொல்லைக் கேட்டதுமே மண்வெட்டியைக் கீழே வைத்தார்கள். ஆனாலும் ஒல்லாந்தக்காரன் தாக்குப்பிடிக்கவில்லை. முந்நூறு வருஷத்துப் பேய்க்கு இந்தக் காலத்தில் யார் பயப்படுவான்? அப்போதுதான் யாரோ ஒருவர், யாரென்று இன்றுவரை ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை, பேய்க்கு ஒரு வெள்ளைச் சட்டையைப் போட்டுவிட்டார். இளந்தாரிப் பேய். கையில் சாப்பாட்டுப் பெட்டி. பின்னேரத்தில் மதிலோரம் நிற்குமாம்.

ஒழுங்கையில் குடியிருந்த யோசெப்பினுக்கு இந்தக் கதை மீன்காரன் வாயால்தான் வந்து சேர்ந்தது. பாரையை நிறுத்துக்கொண்டே அவன் சொன்னான். அவள் மீனும் வேண்டாம் ஒன்றும் வேண்டாமென்று வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்துவிட்டாள். இரண்டு வருஷத்துக்கு முந்தி, வேலை முடிந்து வந்துகொண்டிருந்த அவளுடைய மகன் கிளமென்றை அந்த மதிலோரத்தில் வைத்துத்தான் யாரோ வெள்ளை வான் வண்டியொன்றில் இழுத்து ஏற்றிக்கொண்டு போனார்கள், அதோடு ஒரு தகவலும் இல்லை. வெள்ளைச் சட்டைதான் போட்டிருந்தான். தெருவில் உருண்டு கிடந்த அவனுடைய சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவித் துடைத்து அலுமாரிக்குள் வைத்திருக்கிறாள்.

கார்த்திகை பிறந்தால் கோயிலில் மரித்தவர்களுக்காகப் பூசை வைப்பார்கள். யோசெப்பின் தாய், தகப்பன், மாமியார் எல்லாருடைய பேரையும் கொடுப்பாள். மகனுடைய பேரை மட்டும் கொடுக்கமாட்டாள். பங்குச் சுவாமி ஒருமுறை மெல்லக் கேட்டுப் பார்த்தார். "உசிரோட இருக்கிற பிள்ளைக்கு நித்திய இளைப்பாற்றி கேக்கச் சொல்றீங்களா சுவாமி?" என்று அவள் போட்ட போட்டில் அதற்குப் பிறகு அவர் வாய் திறக்கவில்லை.

உயிரோடு இருக்கிறான் என்பதற்கு அவளிடம் சாட்சி இருந்தது. கிளமென்ற் வீட்டுக்கு வந்தால் கேற்றுக் கொண்டியைத் தூக்கி ஒருமுறை விடுவான், திரும்பத் தூக்கி இன்னொருமுறை விடுவான். சின்னவனாக இருந்த காலத்திலிருந்தே அப்படித்தான். சத்தம் கேட்டதுமே உள்ளே தேத்தண்ணிக் கேத்தில் அடுப்பில் ஏறிவிடும். அவன் போன பிறகும், கோயிலில் பின்னேரத் திரிகால மணி அடித்து ஓய்கிற வேளையில், அந்தக் கொண்டி இரண்டு தரம் விழுந்தது. ஒவ்வொரு நாளும். அவள் ஓடிப்போய்ப் பார்ப்பாள். கேற்று பூட்டியபடியே கிடக்கும்.

"காத்து ஜோசி, ஹாபர் காத்து," என்பார் புருஷன் நோபேட். "எனக்கெண்டா ஒண்டும் கேக்கல்ல." ஹாபரில் கிரேன் ஓட்டியே காது அரைவாசி போய்விட்டது என்று சொல்லிக்கொள்கிற மனுஷனிடம் என்னத்தைக் கதைப்பது?

மீன்காரன் சொன்ன மறுநாள் காலையில் சிவபாதசுந்தரமே வந்தார். கதிரையின் நுனியில் இருந்துகொண்டு செருமினார்.

"தங்கச்சி, கோவிக்கக் கூடாது. முதலாளி நாளைக்கு நேரில வாறாராம். வயசான மனுஷன், சகுனம் பாக்கிற ஆள். என்ர கதையை அவர் நம்பமாட்டார். நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னா நம்புவார்."

"என்ன சொல்லணும்?"

அவர் தரையைப் பார்த்தார். "அங்க நிக்கிறது உங்கட மகன் எண்டு."

"வெட்கமா இல்லையா ஐயா!" யோசெப்பின் எழும்பிவிட்டாள். "என் பிள்ளைய பேயாக்கினது காணாதெண்டு என் வாயாலயே அவன சாகடிக்கச் சொல்றீங்களா? உங்க வீட்டுல பிள்ளைகள் இருக்கு. அதுகள்ல ஒண்ட சொல்லுங்களேன் பாப்பம்!"

அடுப்படியில் நின்ற நோபேட் வெளியே வரவில்லை. சிவபாதசுந்தரத்துக்குக் கண் கலங்கிவிட்டது. போவதற்கு எழும்பியவர் வாசலில் நின்றார்.

"பிழைதான் தங்கச்சி. கேட்டிருக்கக் கூடாது. ஒண்டை மட்டும் சொல்லிப்போட்டுப் போறன். பிள்ளை திரும்பி வருவான் எண்டு நம்புறியள். நானும் அந்தோனியாரிட்ட நேந்திருக்கிறன், உங்களுக்குத் தெரியாது. ஆனா வந்தானெண்டா, அந்தச் சென்றிக் காவலைத் தாண்டியெல்லே வீட்டை வரவேணும்?"

அவர் போய் வெகுநேரமாகியும் அவள் அதே இடத்தில் நின்றாள். தப்பி ஓடி, காயத்தோடு, கையில் ஒரு துண்டு அடையாளமும் இல்லாமல் ஒழுங்கை வாசலுக்கு வருகிற மகனும், மண்மூட்டைக்குப் பின்னால் எழும்புகிற துவக்கும் அவளுடைய கண்ணைவிட்டுப் போகவில்லை.

முதலாளி மறுநாள் காலை பத்து மணிபோல வந்தார். வெள்ளைச் சாரம், வெள்ளைச் சட்டை, ஊன்றுகோல். வளவுக்குள்ளே மாதிரிக்கு ஒரு பலகையை நட்டிருந்தார்கள். அதில் பட்ட வெயில், ஓரமாக நின்ற சனத்தின் முகங்களில் தெறித்தது. எஞ்சினியர் ஏதோ விளக்கத் தொடங்க, முதலாளி கையை உயர்த்தி நிறுத்தினார். சிங்களத்தில் கேட்டார்: இங்கே யாரோ நிற்கிறதாகச் சொல்கிறீர்களே, கண்ணால் கண்டவர்கள் இருக்கிறார்களா?

சனம் தரையைப் பார்த்தது. சிவபாதசுந்தரமும் தரையைத்தான் பார்த்தார்.

யோசெப்பின் முன்னுக்கு வந்தாள். கையில் செபமாலை சுற்றியிருந்தது. வாயைத் திறந்தாள். தமிழில் அந்தச் சொல் வரவே மாட்டேனென்றது. தாய் வாயில் வரக்கூடிய சொல்லா அது?

"மகே புத்தா மெரிலா, மஹத்தயா," என்றாள். என் மகன் செத்துப்போனான் என்று, மார்க்கட்டில் மரக்கறி விலை கேட்கிற அந்த மொழியில் சொல்லிவிட்டாள். அவன்தான் அங்கே நிற்கிறான் என்று மதிலோரத்தைக் காட்டினாள். சாப்பாட்டுப் பெட்டியைப் பற்றிச் சொன்னாள். ஒவ்வொரு பின்னேரமும் வருகிறான் என்று சொன்னாள். அதில் பொய் எது, மெய் எது என்று அவளுக்கே பிரிக்கத் தெரியவில்லை.

தன் பேரப்பிள்ளைகளில் ஒரேயொரு பையன், அவன் ஆமியில் வடக்கிலே நிற்கிறான் என்றார் முதலாளி. ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கி அவளைப் பார்த்துக் கைகூப்பினார். பிறகு மாதிரிப் பலகையைக் கழற்றச் சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டார்.

ஒழுங்கைக்குக் கொண்டாட்டம். ரோல்ஸும் சோடாவும் வாங்கினார்கள். சிவபாதசுந்தரம் மட்டும் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஆனால் சொன்ன சொல் சும்மா போகுமா? பின்னேரம் பக்கத்து வீட்டு ஹமீமா தட்டை மூடிச் சோறு அனுப்பினாள், செத்த வீட்டுக்கு அனுப்புகிற மாதிரி. மதிலோரத்தில் யாரோ மெழுகுதிரி கொளுத்தி வைத்திருந்தார்கள். கோயில் வாசலில் சுவாமி அவளுடைய கையைப் பிடித்து, "இப்ப ஒரு பூசை ஒப்புக்கொடுப்பமா மகள்?" என்று கேட்டார். இரண்டு வருஷமாக அவள் வாசலுக்கு வெளியே கட்டி வைத்திருந்த சாவை அவளே அவிழ்த்துவிட்டாள். இனி யாரை ஏசுவது?

அன்றைக்குத் திரிகால மணி அடித்தது. ஓய்ந்தது. யோசெப்பின் அடுப்படியில் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். கொண்டி விழவில்லை. அடுத்த நாளும் விழவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. ஹாபர் காற்று என்னவோ வழக்கம் போலத்தான் அடித்துக்கொண்டிருந்தது. நோபேட் ரேடியோவைக்கூடப் போடாமல் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார்.

அந்தக் கிழமை முடிவில் அவளுக்குப் பொறுக்க முடியாமல் போய்விட்டது. பின்னேரம் தனியாக வளவுக்குப் போனாள். இப்போது அங்கே ஒரு குஞ்சும் போவதில்லை. பலகை நட்ட குழி அப்படியே கிடந்தது. மதிலோரத்தில் உருகிய மெழுகுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"நான் சும்மா சொன்னன்டா," என்றாள். "நீ வர வழி வேணுமெண்டுதான் சொன்னன். கோவமா மகன்? கோவமெண்டா வந்து என்னை ஏசு."

ஒருவரும் வரவில்லை. கோயில் மணி அடித்து ஓய்ந்தது. அவள் திரும்பி நடந்தாள்.

வீட்டு வாசலுக்கு வந்ததும் கை தானாகக் கொண்டிக்குப் போனது. ஏன் செய்தாளென்று அவளைக் கேட்டால் சொல்லத் தெரியாது. கொண்டியைத் தூக்கி விட்டாள். திரும்பவும் தூக்கி விட்டாள்.

உள்ளே பீங்கான் விழுந்து உடைகிற சத்தம் கேட்டது. காது அரைவாசி போனதென்ற அந்த மனுஷன் வெறுங்காலோடு, சோற்றுக் கையோடு, கதவில் தோளை மோதிக்கொண்டு ஓடி வந்தார்.

"கிளமென்ற்! வந்திட்டியா மகன்!"

கேற்றில் நின்றவளைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார்.

"உங்களுக்குக் கேட்டதா?" என்றாள் யோசெப்பின். "இவ்வளவு நாளும் கேட்டுக்கொண்டா இருந்தீங்க?"

நோபேட் படியில் குந்தியிருந்து சோற்றுக் கையைப் பார்த்தார்.

"நீ சொன்ன நாள்ல இருந்து கேக்கல்ல, ஜோசி," என்றார்.

அவள் உள்ளே வந்து, சத்தம் வராமல் கொண்டியைப் போட்டாள்.