ஐந்நூறுக்கும் முன்னூறுக்கும் நடுவே

எங்கள் வார்ப்பு ஆலையின் பின்பக்கம், மூன்று மாடி உயர இரும்புக் கோபுரத்துக்குள் எப்போதும் மழை பெய்துகொண்டிருக்கும். அதைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. உலைப்புகையை ஒரு பெரிய விசிறி இழுத்து வரும். கோபுரத்தின் அடியில் குறுகலான ஒரு வாய். அதில் நுழையும் புகை புயலாகி, நாங்கள் பீய்ச்சும் தண்ணீரைப் பொடிப்பொடியாகச் சிதறடிக்கும். அந்தத் துளிகளில் தூசி ஒட்டிக்கொள்ளும். மீதிக் காற்று புகைபோக்கி வழியே வடக்குப்பட்டுக்குப் போகும். மதில் சுவருக்கு அந்தப் பக்கம்தான் ஊர். அங்கே எங்கள் வீட்டில், நெஞ்சு இறுகிப்போன அப்பா நாகப்பன் இரண்டு மாதங்களாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குகிறார்.

அந்த வாயின் அழுத்தத்தைக் காட்டும் அளவுமானி ஐந்நூறு காட்டினால் தூசி பிடிபடுகிறது என்று பொருள். சித்திரையில் போர்வெல் வற்றியது. லாரித் தண்ணீர் போதவில்லை. சேறான பழைய தண்ணீரையே திரும்பத் திரும்பச் சுற்றவிட்டதில் பீய்ச்சும் முனைகள் அடைத்துக்கொண்டன. முள் முன்னூறுக்கு இறங்கியது. முனைகளைக் கழற்றிச் சுத்தம் செய்ய உலையை ஒரு நாள் நிறுத்தவேண்டும். சூப்பர்வைசர் கோதண்டராமனிடம் கேட்டேன். டிஸ்பாட்ச் முடியட்டும் என்றார். எப்போது முடியும் என்று கேட்டதற்கு, யோசித்துப் பார்த்துவிட்டு அவரே சிரித்தார்.

ஒரு திங்கட்கிழமை, யாரிடமும் சொல்லாமல், வாயைக் குறுக்கும் கைப்பிடியை நானே திருகினேன். தண்ணீர் குறைந்தாலும் புகையின் வேகம் கூடினால் துளிகள் நன்றாகப் பொடியும். முள் ஐந்நூறுக்கு ஏறியது. மறுநாள் ஷிப்ட் முடிந்து போனபோது அப்பா தரையில் கால் நீட்டிப் படுத்திருந்தார்.

"கம்பெனிய மூடிட்டானுங்களா இன்னா? காத்து தேனாட்டம் கீது" என்றார்.

நான் சோறு போடப் போனேன்.

புதன்கிழமை இசக்கிபாண்டி இரும்பு ஏணியில் ஏறி வந்தான். உலையில் வேலை செய்பவன். அவனையும் சேர்த்துத் திருநெல்வேலிப் பக்கத்துப் பையன்கள் ஆறு பேர் ஒரகடத்தில் ஒரே அறையில் தங்கியிருந்தார்கள்.

"யக்கா, உலைக்கு மேல இருக்க கூண்டு புகைய இழுக்கவே மாட்டேங்கு. பூராவும் எங்க மூஞ்சிலதான் அடிக்கி. நீங்க எதையும் திருகுனீயளா?"

மறைக்கவில்லை. வாயைக் குறுக்கினால் அதே விசிறி குறைவான காற்றைத்தான் இழுக்கும். இழுக்காத புகை உலைக் கொட்டகைக்குள்ளேயே நிற்கும். திருகும்போதே எனக்குத் தெரியும். ஆனால் அப்போது அந்தக் கொட்டகையில் முகங்கள் இல்லை. அப்பாவின் முகம் மட்டும்தான் இருந்தது. அவரைப் பற்றியும் சொன்னேன். அவன் ஏணிப் படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

"பாதிக்குப் பாதி வச்சுப் பாருங்க. நாங்க கொஞ்சம் தின்னுக்கிடுதோம். உங்க ஊரு கொஞ்சம் தின்னட்டும்."

நானூறில் வைத்தேன். பார்க்க நியாயமான எண். மூச்சுக்கு வகுத்தல் கணக்குத் தெரியவில்லை. அன்றே அப்பா எழுந்து சுவரில் சாய்ந்துகொண்டார். கீழே பையன்கள் ஈரத்துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு இருமினார்கள். வெள்ளி மதியம், உருகிய இரும்பை ஊற்றும்போது சந்தனமாரி என்ற பையன் மயங்கிச் சரிந்தான். சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டார்கள். அவன் நின்ற இடத்தில் இரும்பு கொட்டிச் சிவப்பாகக் கிடந்தது.

அதைச் சொல்லிவிட்டு இசக்கிபாண்டி ஏணி முனையிலேயே நின்றான். புருவமெல்லாம் நரைத்ததுபோல் தூசி. இருபத்திரண்டு வயதுதான் அவனுக்கு.

கைப்பிடியைத் திருப்பி வாயை முழுவதும் திறந்தேன். முள் முன்னூறில் போய் நின்றது. புகைபோக்கியின் வெள்ளை ஆவிக்குள் சாம்பல் நிறம் மெல்லக் கலந்து, ஊர்ப்பக்கம் சாய்ந்தது. அப்பாவுக்குப் போன் செய்து ஜன்னல்களைச் சாத்தச் சொன்னேன்.

"வெக்கையா கீதேம்மா சத்யா. எத்தினி நாளைக்கு?"

நான் பதில் சொல்வதற்குள் அவருக்கு இருமல் வந்துவிட்டது. பிறகு ஒரு ஜன்னல் சாத்தும் சத்தம் கேட்டது. வெகுநேரம் கழித்து இன்னொன்று.

"அப்பா என்ன சொல்லுதாவ?" என்றான் இசக்கிபாண்டி.

"வெக்கையா கீதாம்."

தலையை ஆட்டிக்கொண்டு அவன் ஒவ்வொரு படியாக இறங்கினான். கீழே கொட்டகையில் புகை கூண்டுக்குள் ஏறத் தொடங்கியிருந்தது.