மால்சுன் அம்மாளின் வாய் நேரான கதை

ஜெச்சோன் சந்தையில் கிம்ச்சி ஊறுகாய் விற்கும் மால்சுன் அம்மாளுக்குக் கோணிப்போயிருந்த வாய் நேராகிவிட்டது. அக்குபங்சர் ஊசி குத்தி, கசாயம் கொடுத்தவள் கொரிய நாட்டு வைத்தியம் பார்க்கும் யோன்ஜு. முதல் நாளிலிருந்தே முகத்தைப் படம் எடுத்து, வாரந்தோறும் குறித்தும் வைத்திருந்தாள். "அந்த வைத்தியத்துக்கு ஆதாரம் எங்கே?" என்று பெரிய ஆஸ்பத்திரியில் ஓ என்ற நரம்பு டாக்டர் நோயாளிகளிடம் கேட்பது காதில் விழுந்து விழுந்து அவளுக்குப் புளித்துப்போயிருந்தது. இந்த முறை மருத்துவ இதழில், அச்சிலேயே பதில் சொல்லிவிடுவதென்று கட்டுரை எழுத உட்கார்ந்தாள்.

படம் போடச் சம்மதம் கேட்டபோதுதான் குட்டு உடைந்தது.

"ஐயையோ டாக்டரம்மா, அந்த ஓ டாக்டர் படிப்பாரா?"

"படிக்கட்டுமே! அவருக்காகத்தானே எழுதறேன்."

"அப்ப என் கதி? அவர் குடுத்த மாத்திரையையும் முழுங்கினேனே! கசாயம் குடிச்சா கல்லீரல் போயிடும்னு கத்துவாரு, அதனால அவர்கிட்ட சொல்லல. நீங்க கோவிச்சுப்பீங்கன்னு உங்ககிட்டயும் சொல்லல."

அந்த ஊரில் பாதிப் பேர் இரண்டு இடத்திலும் மருந்து வாங்கிவிட்டு வாய் திறக்க மாட்டார்கள். தெரிந்திருந்தும் யோன்ஜு கேட்காமல் விட்டாளே!

எழுது எழுது என்று நச்சரித்தவன் கூடப் படித்த கிசோக். அவனும் வைத்தியன்தான். போனில் விஷயத்தைக் கேட்டதும், "அந்த ஒரு வரியை விட்டுடு. யாருக்குத் தெரியப்போகுது?" என்றான்.

"எனக்குத் தெரியுமேடா."

"பேரெல்லாம் மாத்திரைக்குப் போயிடும்டி!"

"போகட்டும். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்க என்னால ஆகாது."

போனை வைத்த வேகத்தில் எழுதினாள்: நோயாளி ஆஸ்பத்திரி மாத்திரையும் சாப்பிட்டார், நாங்கள் கேட்கவில்லை. கட்டுரைக்கு மாத்திரையின் அளவும் வேண்டும்; அதை டாக்டர் ஓவிடம்தான் கேட்க வேண்டும். "கேட்டுத் தொலைங்க, திட்டு வாங்கிக்கறேன்" என்று மால்சுன் அம்மாள் தலையாட்டினாள். யோன்ஜு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள்.

விவரம் கேட்டதும் டாக்டர் ஓவின் குரல் உயர்ந்தது.

"கசாயமா? அந்தம்மா என்கிட்ட மூச்சு விடலியே! நம்ம மாத்திரை இவ்வளவு சீக்கிரம் கேட்டுதேன்னு, அடுத்த மாசம் மாநாட்டுல அவங்க முகத்தைத்தான் காட்டப் போறேன்."

யோன்ஜுவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"அப்ப நீங்களும் எழுதிக்கோங்க, டாக்டர். கசாயத்துல என்னென்ன போட்டேன்னு சொல்றேன்."